கிளி கடிதலும் காக்கை சுடுதலும்

2024-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஒரு நாள், எங்கள் தோட்டப் பள்ளியின் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு வள்ளி தினைப்புனம் காத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் பரண்மீது நின்று 'ஆலோலம்' என்று கூவிக் கிளிகளை ஓட்டினாள் என்ற இடத்தில் ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, ஏன் ஓட்டவேண்டும்? கிள்ளானில் காக்கையைச் சுடுகிறார்களாமே! கிளியையும் சுட்டிருக்கலாம் அல்லவா?" என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் உடனே விடை கூற இயலவில்லை.

'அக்காலத்தில் துப்பாக்கி இல்லை' என்று சொல்லி அவனை அமரச் செய்திருக்கலாம். அவ்விடை பிழையன்று, ஆனால் முழுமையானதும் அன்று. துப்பாக்கி இல்லையேனும் வில் இருந்தது, அம்பு இருந்தது. குறிஞ்சி நிலத்து மக்களோ வேட்டையையே வாழ்வாகக் கொண்டவர்கள். அவ்வாறிருந்தும் விளைபுனத்தில் பறவையை எதிர்கொள்ள அவர்கள் கொலைக்கருவியை எடுக்கவில்லை, ஒலிக்கருவியையே எடுத்தனர். ஏன்? அம்மாணவனுக்கு அன்று சொல்லாத விடையை ஆசிரியப் பெருமக்கள் முன்னே வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புனங்காவலின் சொற்கள்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளால் ஆனது; கபிலர் பாடியது. அதில் தலைவியும் தோழியும் தினைப்புனம் காக்கின்றனர். மரத்தின்மேல் அமைந்த காவற் பரணுக்கு இதணம் என்று பெயர். அவர்கள் கையில் இருக்கும் கருவிகளாகத் தழல், தட்டை, குளிர் ஆகியவற்றைக் கபிலர் கூறுகிறார். தழல் என்பது கையால் சுற்றும்போது ஓசை எழுப்புவது. தட்டை என்பது மூங்கிலைப் பிளந்து, தட்டி ஒலிக்கச் செய்வது. குளிர் என்பதும் கிளியை ஓட்டும் கருவியே. அதனைக் கவண் என்று கொள்வாரும் உளர். இம்மூன்றையும் கூறும் புலவர், இவை கிளியைக் கடிவதற்குரியவை என்கிறாரேயன்றிக் கொல்வதற்குரியவை என்னவில்லை.

கடிதல் என்னும் சொல்லைச் சற்று நின்று பார்க்கவேண்டும். ஓட்டுதல், விலக்குதல், கண்டித்தல் ஆகிய பொருள்கள் அதற்கு உண்டு. பிள்ளையைக் கடிந்துகொண்டேன் என்று இன்றும் கூறுகிறோம். கடிந்துகொள்ளப்பட்ட பிள்ளை வீட்டைவிட்டுப் போவதில்லை. செய்த செயலை விட்டு விலகுகிறது. தொல்காப்பிய உரியியலில் 'கடி' என்னும் உரிச்சொல்லுக்குப் பத்துப் பொருள்கள் கூறப்படுகின்றன. அவற்றுள் காப்பு ஒன்று; அச்சம் ஒன்று. அவ்வுரிச்சொல்லும் கிளி கடிதல் என்னும் வினையும் ஒன்றே என நிறுவ நான் முற்படவில்லை. எனினும் விளைந்ததைக் காத்தலும், வந்த பறவைக்கு அச்சம் ஊட்டுதலும் ஒருங்கே நிகழும் இடம் புனங்காவல் என்பதை மாணவர்க்கு விளக்க, இதைவிட நல்ல சொல் கிடைப்பது அரிது.

மற்றொரு சொல் ஓப்புதல். நெய்தல் நிலத்தில் மீனை உலர்த்திவிட்டுக் காத்திருக்கும் மகளிர், அதைக் கவர வரும் பறவைகளை ஓட்டுவர். இதனைப் புள்ளோப்புதல் என்று சங்கப் பாடல்கள் குறிக்கும். பட்டினப்பாலையிலோ, உலரும் நெல்லைத் தின்ன வந்த கோழியை விரட்ட ஒரு பெண் தன் காதிலிருந்த பொற்குழையையே கழற்றி எறிகிறாள். காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வத்தைக் காட்டக் கூறிய செய்தி அது. எறிந்த குழை சிறுவர்கள் உருட்டும் தேரைத் தடுத்தது என்றுதான் பாட்டு மேலே செல்கிறது. கோழியின் கதையை அது தொடரவில்லை. ஓடிப்போனால் போதும் என்பதே கருத்து.

குறிஞ்சி, நெய்தல், மருத வளம் மிக்க சோழநாடு ஆகிய மூவிடத்தும் ஒரே முறையைக் காண்கிறோம். விளைபொருளுக்கும் பறவைக்கும் இடையே மனிதன் சிறிது காலம் நிற்கிறான். அவ்வளவே.

மருந்து இடித்த துப்பாக்கி

இனித் துப்பாக்கிக்கு வருவோம். திருக்குறளில் வான்சிறப்பு அதிகாரத்து இரண்டாம் குறளை வகுப்பில் படிக்கும்போதெல்லாம் மாணவர்கள் சிரிப்பார்கள். துப்பாக்கி என்று ஒலிக்கும் ஒரு சொல் அதில் வருகிறது. அங்கே துப்பு என்பது உணவு. உணவை உண்டாக்கி என்பது பொருள். நாம் சுடும் துப்பாக்கியோ துருக்கிய மொழிவழி இந்திய மொழிகளுக்கு வந்த வேறு சொல். ஒன்று உணவை ஆக்குவது. மற்றொன்றை உணவைக் காக்கவென்று உழவன் கையில் எடுத்தான்.

உழவன் எடுத்தது பெரும்பாலும் வாய்வழியே மருந்திடும் துப்பாக்கி. தமிழ்நாட்டில் இதனை நாட்டுத் துப்பாக்கி என்பர். இலங்கைத் தமிழர் இடியன் துவக்கு என்பர். மருந்தை இடித்து நிரப்புவதால் வந்த பெயர். மலாய்க்காரர் இதனைச் செனாப்பாங் லந்தாக் என்பர். லந்தாக் என்றால் இடித்து இறுக்குதல். இலங்கைத் தமிழரும் மலாய்க்காரரும் ஒருவரை ஒருவர் கேட்காமலேயே ஒரே செயலைக் கொண்டு பெயரிட்டிருப்பது நோக்கத்தக்கது. பிற்காலத்தில் வந்த, நடுவே மடக்கித் தோட்டா இடும் துப்பாக்கிக்கு மலாயில் செனாப்பாங் பாத்தா என்று பெயர். பாத்தா என்றால் முறிதல். செனாப்பாங் என்பதே டச்சு மொழியிலிருந்து வந்தது. கொத்தும் சேவல் என்னும் பொருளுடைய சொல் அது. துப்பாக்கியின் மேல் அடிக்கும் உறுப்பை டச்சுக்காரர் சேவலாகக் கண்டனர். அதே உறுப்பைத் தமிழர் குதிரை என்றனர்.

இது இயங்கும் முறை எளியது. வெடியுப்பு 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு சேர்ந்தது கருமருந்து. அதனை அளந்து குழலின் வாய்வழியே கொட்டவேண்டும். அதன்மேல் துணி, நார் அல்லது காகிதத்தை அடைப்பாக வைத்து, நீண்ட கம்பியால் இடித்து இறுக்கவேண்டும். பிறகு ஈய ரவைகளை இடவேண்டும். அவை உருண்டு வெளியே விழாதிருக்க மீண்டும் ஓர் அடைப்பு. இறுதியாகக் குழலின் அடிப்பக்கத்து முளையில் கேப்பு எனப்படும் சிறு செப்புத் தொப்பியைப் பொருத்தவேண்டும். விசையை இழுத்தால் குதிரை அதன்மேல் அடிக்கும், பொறி உள்ளே பாயும், மருந்து வெடிக்கும்.

அடியால் தீப்பற்றும் இம்முறையே ஒரு பறவை வேட்டையில் பிறந்தது என்றால் வியப்பாக இருக்கும். அதற்கு முன் சக்கிமுக்கிக் கல்லின் பொறியால் வெளியே இருக்கும் மருந்து பற்றி, அத்தீ உள்ளே செல்லும். அந்த ஒளியைக் கண்ட நீர்ப்பறவைகள் ரவை வந்து சேருமுன் தப்பிவிட்டன. இதனால் சலிப்படைந்த ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாந்தர் ஃபோர்சைத் என்பவர், அடித்தால் வெடிக்கும் வேதிப்பொருளைக் கொண்டு புது முறை கண்டு 1807-இல் காப்புரிமை பெற்றார். செப்புத் தொப்பி அதன் வழியில் பின்னர் வந்தது.

தோட்டாத் துப்பாக்கி பரவிய பின்னரும் பழைய துப்பாக்கி உழவனிடமே தங்கிவிட்டது. காரணம் அதன் எளிமை; ஆலையில் செய்த தோட்டா அதற்கு வேண்டுவதில்லை. 1959-ஆம் ஆண்டு இந்திய ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, உண்மையான பயிர்க்காவலுக்கென வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்குவதைத் தனியே எடுத்துக் கூறுகிறது. தமிழ்நாட்டு நரிக்குறவரின் தோளிலும் நெடுங்காலம் தொங்கியது இதுவே. நம் மலேசியாவில் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும், தண்டனையைக் கடுமையாக்கிய 1971-ஆம் ஆண்டுச் சட்டமும் உள்ளன. உரிமமின்றி எவ்வகைத் துப்பாக்கியையும் இங்கே வைத்திருத்தல் பெருங்குற்றம் என்பதையும் மாணவர்க்குச் சொல்லிவைத்தல் நன்று.

ஒரு வெடிக்கு எத்தனை குருவி?

சிலாங்கூரின் வடமேற்குக் கரையில் தஞ்சோங் காராங், செகிஞ்சான் வட்டாரத்து வயல்களைப் பார்த்தவர்களுக்குச் சில்லைகளைத் தெரிந்திருக்கும். தினைக்குருவி என்றும் கூறுவர், மலாயில் பீப்பிட். நெல் பால் பிடிக்கும் பருவத்தில் இவை கூட்டமாக இறங்கிக் கதிரைப் பிதுக்கும். பூத்ததிலிருந்து அறுவடை வரை ஏறத்தாழ 30 நாள். அந்நாட்களில் காத்தால் விளைச்சல் வீடு வந்து சேரும். ஆகவே பயிர்க்காவல் என்பது ஆண்டு முழுவதும் நடக்கும் போர் அன்று. ஒரு பருவத்தில், ஒரு வயலில் செய்யும் வேலை.

இவ்வேலையில் துப்பாக்கி என்ன செய்யும்? அதன் ரவைகள் விரிந்து செல்லும். ஏறத்தாழ 30 மீட்டருக்கு அப்பால் பயன் குறையும். ஒரு வெடிக்குச் சில குருவிகள் விழலாம். நூற்றுக்கணக்கானவை எழுந்து பறக்கும். மீண்டும் மருந்தளந்து, இடித்து, ரவையிட்டு, கேப்பைப் பொருத்துவதற்குப் பழகிய கைக்கும் ஒரு நிமிடம் ஆகும். அதற்குள் வயலின் மறுகோடியில் கூட்டம் இறங்கிவிடும். கருமருந்து ஈரத்தை ஈர்ப்பதால் மழைநாளில் நம்ப இயலாது. வெடித்தபின் எஞ்சும் கசடு குழலை அரிக்கும். மண்ணில் சிதறிய ஈய ரவையைக் கல்லென்று விழுங்கும் பறவைகள் பின்னர் நஞ்சேறி மடியும். இவ்வளவுக்கும் பிறகு எண்ணிப்பார்த்தால், உழவனுக்குப் பயன்பட்டது விழுந்த குருவி அன்று; எழுந்த ஓசையே. மிக விலை உயர்ந்த, மிக ஆபத்தான ஒரு தட்டை அது!

ஆபத்து என்று வெறும் சொல்லாகக் கூறவில்லை. என் பாட்டனாரின் இடக்கையில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் இல்லை. கப்பலேறி மலாயாவுக்கு வருமுன் சேலத்து மேட்டுநிலம் ஒன்றில், நிலக்காரர் ஒருவரின் சோளக்கொல்லைக்குக் காவலிருந்தவர் அவர். ஒரு நாள் ஈரமருந்து பற்றவில்லை. குருவிக் கூட்டம் இறங்குவதைக் கண்ட பதற்றத்தில், உள்ளே மருந்து கிடப்பதை மறந்து அதன்மேல் மீண்டும் மருந்திட்டு இடித்துவிட்டார். இரட்டை மருந்தில் குழல் பிளந்தது. இவ்வகைத் துப்பாக்கியில் உள்ளே என்ன இருக்கிறது என்பதைக் கண்ணால் காண முடியாது. இடித்தவன் நினைவே அதற்குச் சாட்சி. "குருவி நாலு போச்சு, விரல் ரெண்டு போச்சு, சோளம் போனது போனதுதான்" என்பார் தாத்தா. மூன்று விரல் எஞ்சிய அக்கையோடுதான் அவர் முப்பது ஆண்டு பால்மரம் சீவினார்.

கொல்வதால் பறவை குறையுமா என்னும் கேள்வியை உலகம் பெரிய அளவில் சோதித்துப் பார்த்திருக்கிறது. ஆப்பிரிக்காவின் செவ்வலகுக் குவேலியா என்னும் குருவி, தானியப் பயிரைப் பெருங்கூட்டமாகத் தாக்குவது. நஞ்சு தெளித்தும் வெடி வைத்தும் கோடிக்கணக்கில் கொன்றும் அதன் தொகையைக் குறைக்க முடியவில்லை. உணவு இருக்கும்வரை, எஞ்சியவை பெருகி இடத்தை நிரப்பிவிடுகின்றன.

கிள்ளானுக்கு வந்த காக்கை

இனி அம்மாணவன் கேட்ட காக்கையின் கதை. பயிரைக் கெடுக்கும் பறவையைப் பற்றி இதுவரை பேசினோம். கிள்ளான் காக்கையோ பயிரைக் காக்கவென்று கொண்டுவரப்பட்ட பறவை என்பதை நம்மில் பலர் அறியோம்.

1890-களில் கிள்ளான் வட்டாரத்தில் ரப்பர் இன்னும் பரவவில்லை. காப்பித் தோட்டங்களே இருந்தன. காப்பி இலையைப் புழுக்கள் மொட்டையடித்தன. இலங்கையிலிருந்து வந்த துரைமார்கள், அங்கே ஊரெங்கும் திரியும் சாம்பல் கழுத்துக் காக்கையை நினைத்தனர். புழுவை அது தின்னும் என்று எண்ணினர். 1890-களின் பிற்பாதியில் இலங்கையிலிருந்து காக்கைகள் வரவழைக்கப்பட்டுக் கிள்ளானில் விடப்பட்டன. இம்முயற்சியில் ஈடுபட்டவருள் ஒருவர் தோட்டத்துரை கேரி. கிள்ளானுக்குத் தெற்கேயுள்ள கேரித்தீவு அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. இக்காக்கைகளை இங்கே பழக்கப்படுத்திய செய்தி, 1903-இல் இலங்கையின் அறிவியல் இதழ் ஒன்றில் பதிவாகியுள்ளது.

காப்பி வீழ்ந்தது, ரப்பர் வந்தது. காக்கைக்கு வேலை போயிற்று; ஆனால் காக்கை போகவில்லை. தோட்டத்தின் தேவைக்காகக் கடல் கடந்து வந்து, தேவை தீர்ந்தபின் நகரத்தின் ஓரத்தில் தங்கிய கதை நமக்குப் புதியதன்று. துறைமுகமும் சந்தையும் உணவுக்கடைகளும் அதற்குச் சோறிட்டன. நகரம் வளர வளர அதுவும் வளர்ந்து, பள்ளத்தாக்கு முழுவதும் பரவியது.

பின்னர் துப்பாக்கி வந்தது. கிள்ளான் நகராண்மைக் கழகம் பல ஆண்டுகளில் காக்கை சுடும் பணியை நடத்தியது. 2024-இல் அது அரச மாநகர மன்றமாக உயர்ந்த பின்னரும் அப்பணி நடந்தது; விலங்கு நலச் சங்கத்தினர் அதனை எதிர்த்தனர். மன்றத்தின் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. காக்கை நோயைப் பரப்புகிறது, ஆளைத் தாக்குகிறது என்னும் முறையீடுகளுக்கு அது ஏதேனும் செய்தாக வேண்டும். எனினும் சுட்ட மறுநாளும் குப்பைத்தொட்டி திறந்தே கிடந்தால் வேறு காக்கை வரும். சிங்கப்பூரிலும் துப்பாக்கிச் சங்கத்தினர் பல்லாண்டுகள் சுட்டனர். கூடு கலைத்தலும் குப்பையை மூடுதலும் அதனோடு சேர்ந்து நடந்தன. சுடுதல் 2020-இல் நிறுத்தப்பட்டது. மற்ற இரண்டும் நிறுத்தக்கூடியவை அல்ல.

தோட்டத்தில் பறவையை வேலைக்கு வைத்த முயற்சிகள் எல்லாம் தோற்றன என்று கூறவும் கூடாது. செம்பனைத் தோட்டங்களில் எலியைப் பிடிக்கக் கம்பத்தின்மேல் பெட்டி வைத்துக் கூகைகளைக் குடியமர்த்துகின்றனர். பல தோட்டங்களில் அது பயன் தந்துள்ளது. கூகை எலியை நம்பி வாழ்வது. ஆகவே எலி இருக்குமிடத்தில் நிற்கும். காக்கையோ எதையும் தின்பது. புழுவைவிட நம் எச்சில் அதற்கு எளிதாகக் கிடைத்தது. குணமறியாமல் அழைத்துவந்தவர் ஒருவர். உணவிட்டு வளர்த்தவர் மற்றொருவர். சுடப்படுவது மட்டும் காக்கை.

இங்கே நமக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. காக்கை கரைந்தால் விருந்து வரும் என்று குறுந்தொகையில் பாடியவர், அப்பாட்டாலேயே காக்கை பாடினியார் என்று பெயர் பெற்றார். இன்றும் அமாவாசையில் காக்கைக்குச் சோறு வைத்த பிறகே நம் வீடுகளில் இலை போடுகிறார்கள். காலையில் பாட்டி சோறு வைத்த காக்கையை மாலையில் நகரத்தார் சுடுவதைக் காணும் பிள்ளைக்கு, எது சரி என்று சொல்லும் கடமை ஆசிரியருக்கு இருக்கிறது. பாட்டி வைப்பது ஒரு பிடிச் சோறு. நகரம் கொட்டுவது வண்டி வண்டியாக. காக்கையைப் பெருக்கியது எது என்பதைப் பிள்ளையே கணக்கிட்டுக்கொள்ளும்.

ஒலி ஒன்று; நோக்கம் வேறு

அவ்வாறாயின் ஒலியெழுப்புதல் அறம், சுடுதல் பாவம் என்று பிரித்துவிடலாமா? அதுவும் பொருந்தாது. 1958-இல் சீனாவில் எலி, ஈ, கொசு, சிட்டுக்குருவி ஆகிய நான்கையும் ஒழிக்க இயக்கம் தொடங்கினர். குருவியை ஒழிக்க மக்கள் கையில் எடுத்தவை பறையும் தட்டும் பாத்திரங்களுமே. ஒரு வயலில் அன்று. ஊரெங்கும், நாடெங்கும் ஒரே நேரத்தில் தட்டினர். அமர இடமின்றிப் பறந்து பறந்து களைத்த குருவிகள் விழுந்து மடிந்தன. குருவி தின்ற பூச்சிகள் பிறகு பயிரில் பெருகின. 1960-இல் குருவியை விட்டுவிட்டு மூட்டைப்பூச்சியைப் பட்டியலில் சேர்த்தனர். அக்காலத்துக் கொடும் பஞ்சத்திற்கு அரசின் கொள்கைகளே பெருங்காரணம். குருவியின் அழிவு அதில் ஒரு சிறு பங்கு.

தட்டையின் ஒலியும் அவ்வொலியும் ஒன்றே. வேறுபாடு எல்லையில் இருக்கிறது. புனங்காவலுக்கு இடம் உண்டு, காலம் உண்டு. பறவை போவதற்கு ஒரு திசையும் உண்டு. அவ்வெல்லை நீங்கினால் ஓட்டுதலே கொலையாகிவிடுகிறது.

மாணவனுக்கு விடை

ஆகவே அம்மாணவனுக்கு இப்போது இவ்வாறு கூறுவேன்: "தம்பி, வள்ளி சுடாததற்குத் துப்பாக்கி இல்லாமை மட்டும் காரணமன்று. அவளுக்கு வேண்டியது தினை. கிளியின் உயிர் அன்று. கதிர் முற்றும்வரை கிளி புனத்தில் இறங்காதிருந்தால் அவள் வேலை முடிந்தது. நூறு கிளியைக் கொன்றாலும், கதிர் இருந்தால் நூற்றொன்றாவது கிளி வரும்."

தாத்தா தம் இறுதிக் காலத்தில் லயத்து வீட்டின் பின்னே நான்கு பாத்தி சோளம் போட்டிருந்தார். பால்டின்களில் கூழாங்கல் இட்டு, கயிற்றில் கோத்துப் பாத்திக்குக் குறுக்கே கட்டி, கயிற்றின் நுனியைத் திண்ணையில் தம் கால் விரலில் சுற்றிக்கொள்வார். குருவி இறங்கினால் காலை அசைப்பார். கடகடவென்று ஒலிக்கும்; குருவி எழும்; அவர் வெற்றிலையைத் தொடர்ந்து மெல்லுவார். குறிஞ்சிப்பாட்டை அவர் படித்ததில்லை. எனினும் தட்டை என்னும் சொல்லுக்கு இன்றளவும் என் மனத்தில் எழும் பொருள் அந்தப் பால்டின்தான்.

கயிற்றுக்கும் டின்னுக்கும் குருவியை ஓட்டும் கூவலுக்கும் அவர் தலைமுறையினர் வைத்திருந்த பெயர்கள் இன்னும் சில முதியோர் வாயில் இருக்கின்றன. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவரும் இந்நாளில் அவை நெடுநாள் நில்லா. குறிஞ்சிப்பாட்டையோ வள்ளி கதையையோ நடத்தும் ஆசிரியர்கள், மாணவர் ஒவ்வொருவரையும் தம் வீட்டுப் பெரியோரிடம் ஒரு கேள்வி கேட்டு எழுதி வரச் செய்வார்களாக: "நீங்கள் பறவையை எப்படி ஓட்டினீர்கள்? என்ன சொல்லிக் கூவினீர்கள்?" வரும் விடைகளில், அகராதியில் இல்லாத தமிழ்ச்சொற்கள் சில நமக்குக் கிடைக்கக்கூடும்.